தோட்டத்துக் கேட்டும் ஐந்து நாள் நோட்டீசும்

சின்னப் பட்டணத்தில் போட்டோஸ்டாட் கடை வைத்திருந்தால் ஊர் வழக்கெல்லாம் தானாகவே கடைக்கு வந்துவிடும். ஐசி (அடையாள அட்டை) நகல், பிறப்புப் பத்திரம், இபிஎஃப் (சேமநிதி) கணக்கு என்று ஏதாவது ஒரு தாளோடு வருகிறவர்கள், அது மெஷினில் ஓடி முடிவதற்குள் கதையையும் சொல்லிவிடுவார்கள். தோட்டத்து நடவடிக்கைக் குழுவுக்கு நான் செயலாளர் ஆனது இப்படித்தான். யாரும் ஓட்டுப் போடவில்லை. மலாயில் கடிதம் எழுத வரும், கடையில் மெஷின் இருக்கிறது, அது போதும் என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள்.

பிரச்சினை ஒரு கேட். எங்கள் ஊர் மலேசியாவில் கீழ்ப்பேராக் பக்கம், செம்பனை எண்ணெய்த் தோட்டங்களுக்கு நடுவில் ஒரே தெருவாகக் கிடக்கும் பட்டணம். பக்கத்துத் தோட்டம் கைமாறியது. புதிய நிர்வாகம் வந்ததும் தோட்டத்துச் சாலையின் குறுக்கே இரும்புக் கேட் போட்டு இரவு ஏழு மணிக்குப் பூட்ட ஆரம்பித்தது. செம்பனைக் குலைத் திருட்டைத் தடுக்கத்தான் என்றார்கள். திருட்டு நடந்தது பொய்யில்லை. ஆனால் பழைய லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) ஓய்வுபெற்றவர்களும் அவர்கள் பிள்ளைகளும் இன்னும் குடியிருக்கிறார்கள். பட்டணத்துக்கு வர அவர்களுக்கு இருந்த ஒரே நல்ல வழி அந்தச் சாலைதான். தொழிற்சாலையில் மாலை ஷிப்ட் முடித்து வருகிறவர்கள் அடுத்த தோட்டத்துச் செம்மண் பாதையைச் சுற்றி வர வேண்டியதாயிற்று. மழை பெய்தால் மோட்டாரைத் தள்ளிக்கொண்டுதான் வரவேண்டும். மனு கொடுத்தோம். பதில் இல்லை. மறுபடி கொடுத்தோம். "பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு வரி வந்தது.

கோயில் மண்டபத்தில் கூடிப் பேசியபோது ஊர் இரண்டாகப் பிரிந்தது. பெரியவர்கள், "போலீஸ் பெர்மிட் கொடுக்காது, வம்பு வேண்டாம், இன்னொரு மனு போடுவோம்" என்றார்கள். பையன்கள், "நாளைக்கே குலை லோரியை மறிப்போம், அப்பத்தான் காது கேக்கும்" என்றார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் சட்டம் எவ்வளவு இடம் விட்டுவைத்திருக்கிறது என்று அன்றைக்கு ஒருவரும் பேசவில்லை. அந்த இடத்தைப் பற்றித்தான் இங்கே எழுதப் போகிறேன். அதைத் தாண்டிப் போக நினைப்பவர்கள் என்ன கணக்குப் போட வேண்டும் என்பதையும் சொல்கிறேன்.

பெரியவர்கள் பயந்ததில் நியாயம் உண்டு. அவர்கள் பார்த்த காலம் வேறு. 1967 போலீஸ் சட்டத்தின் 27-ஆவது பிரிவு இருந்தவரை, பொது இடத்தில் கூட்டம் போட லைசென்ஸ் கேட்டுத்தான் நிற்க வேண்டும். 2007 நவம்பர் 25-இல், மலேசிய இந்தியர் உரிமைக்காக எழுந்த ஹிண்ட்ராஃப் இயக்கம் நடத்திய பேரணிக்கு எங்கள் ஊரிலிருந்தும் ஆட்கள் பஸ் ஏறிப் போனார்கள். கண்ணீர்ப் புகையும் தண்ணீர்ப் பீரங்கியும் என்னவென்று பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அடுத்த மாதமே தலைவர்கள் ஐந்து பேரை உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் விசாரணை இல்லாமல் உள்ளே வைத்தார்கள். அதைப் பார்த்த தலைமுறைக்கு, கூட்டம் என்றால் பெர்மிட், பெர்மிட் என்றால் கிடைக்காது என்று மனத்தில் பதிந்துபோயிருக்கிறது.

அப்புறம் சட்டம் மாறியது. கூட்டரசு அரசியலமைப்பின் 10-ஆவது விதி, குடிமக்கள் ஆயுதமின்றி அமைதியாகக் கூடலாம் என்று சுதந்திரம் அடைந்த நாளிலிருந்தே சொல்கிறது. பாதுகாப்பு, பொது ஒழுங்கு காரணமாக நாடாளுமன்றம் அதற்குக் கட்டுப்பாடு விதிக்கலாம் என்றும் அதே விதி சொல்கிறது. அந்தக் கட்டுப்பாட்டின் இப்போதைய வடிவம்தான் 2012-ஆம் ஆண்டு அமைதிப் பேரணிச் சட்டம், அதாவது சட்டம் 736. இதில் லைசென்ஸ் கிடையாது. மாவட்டப் போலீஸ் தலைவருக்கு முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். முதலில் பத்து நாள் என்று இருந்ததை 2019 திருத்தம் ஐந்து நாளாகக் குறைத்தது. ஊர்வலத்துக்கு இருந்த தடையையும் அதே திருத்தம்தான் எடுத்தது. நோட்டீஸ் கிடைத்த பிறகு போலீஸ் நிபந்தனை போடலாம். குறித்த கெடுவுக்குள் பதிலே வராவிட்டால், நோட்டீசில் எழுதியபடி கூட்டத்தை நடத்திக்கொள்ளலாம். நான் இதைச் சொன்னபோது முன்னாள் மண்டோர் (கங்காணி) ஒருவர் நம்பவில்லை. சட்டத்தின் அந்தப் பக்கத்தை நகல் எடுத்துக் கையில் கொடுத்த பிறகுதான் உட்கார்ந்தார்.

நாங்கள் கூடிய சமயத்தில், நோட்டீஸ் கொடுக்காமல் கூட்டினால் ஏற்பாட்டாளருக்குப் பத்தாயிரம் ரிங்கிட் வரை அபராதம் என்ற 9(5) பிரிவு உயிரோடு இருந்தது. அதை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014-இல் நிக் நஸ்மி வழக்கில் செல்லாது என்றது. 2015-இல் யுனேஸ்வரன் வழக்கில் அதே நீதிமன்றத்தின் வேறொரு அமர்வு செல்லும் என்றது. நடுவில் மாட்டியவர்கள் பாடு திண்டாட்டம். 2025 ஜூலை 1-ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம், அமீர் ஹரிரி தொடுத்த வழக்கில், அந்தத் தண்டனைப் பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று ஒருமனதாகத் தீர்ப்புச் சொல்லி முடித்துவைத்தது. இதைக் கேட்டுவிட்டு, "அப்போ நோட்டீசே வேண்டாம்தானே அக்கா?" என்று ஒரு தம்பி கடைக்கு வந்தான். கொடு என்றுதான் சொன்னேன். தீர்ப்பு விழுந்தது தண்டனையின் மேல்தான், கடமையின் மேல் இல்லை. இன்னொன்றும் இருக்கிறது. நோட்டீஸ் கொடுத்தவரிடம் போலீஸ் சாலை, நேரம், ஒலிபெருக்கி பற்றி முன்கூட்டியே பேசும். கொடுக்காதவரிடம் அன்றைக்குக் காலையில், வெயிலில், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது பேசும்.

நோட்டீஸ் எழுதுவது பெரிய வித்தை இல்லை. படிவம் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. தேதி, இடம், நேரம், எதற்காகக் கூடுகிறோம், எத்தனை பேர் வரலாம், யார் யார் பேசுவார்கள், ஒலிபெருக்கி உண்டா, இவ்வளவுதான் கேட்கிறார்கள். பதிவுத் தபாலிலும் அனுப்பலாம். நேரில் போவதே நல்லது. இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். உங்கள் பிரதியில் தேதியோடு சாப் (முத்திரை) அடித்து வாங்காமல் அந்த இடத்தைவிட்டு நகராதீர்கள். பின்னால் வழக்கு என்று வந்தால் அந்தச் சாப்தான் பேசும். நோக்கம் என்ற இடத்தில் கோபத்தைக் கொட்டாமல் ஒரே கோரிக்கையை எழுதுங்கள். நாங்கள் எழுதியது, "தோட்டச் சாலை குடியிருப்பாளர்களுக்கு இரவிலும் திறந்திருக்க வேண்டும்." அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. தோட்டத்து வீடு, தண்ணீர், பழைய பாக்கி எல்லாவற்றையும் சேர்க்கச் சொன்னவர்கள் உண்டு. சேர்த்திருந்தால் நிர்வாகம் அதில் எளிதான ஒன்றுக்கு ஆமாம் போட்டுவிட்டுக் கேட்டைப் பூட்டிவைத்திருக்கும்.

இடத்தைப் பிடிப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. சில இடங்களிலும், அவற்றின் எல்லையிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் கூடக் கூடாது என்று சட்டத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. அணைக்கட்டு, விமான நிலையம், ரயில் பாதை போன்றவை நமக்குத் தொலைவு. ஆனால் அதே பட்டியலில் வழிபாட்டுத் தலம், பள்ளிக்கூடம், பாலர் பள்ளி, பெட்ரோல் நிலையம், மருத்துவமனை, பாலம் எல்லாம் இருக்கின்றன. தோட்டத்துப் பட்டணத்தில் இவற்றைத் தவிர வேறு என்ன இருக்கிறது? மாரியம்மன் கோயில், அதையொட்டித் தமிழ்ப்பள்ளி, எதிரே சூராவ் (சிறிய தொழுகையிடம்), அதைத் தாண்டிப் பெட்ரோல் நிலையம், அப்புறம் ஆற்றுப் பாலம். இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் கோலாலம்பூர் வரைபடத்தைப் பார்த்து எழுதியிருப்பார்கள் போலிருக்கிறது. வழக்கமாக நாம் கூடும் கோயில் வாசல்தான் முதலில் அடிபட்டுப் போனது. பந்தல் போடுகிறவரிடமிருந்து அளவு நாடா வாங்கிக்கொண்டு தெரு முழுக்க அளந்தோம். மிஞ்சியது இரவுச் சந்தை போடும் திடல் மட்டும்.

திடல் மாவட்ட மன்றத்துக்குச் சொந்தம். 11-ஆவது பிரிவின்படி அப்போது இடத்துக்காரரின் சம்மதம் வேண்டியிருந்தது. அந்தக் கடிதத்துக்குத்தான் அலைந்தோம். போலீஸ்கூட அவ்வளவு அலைக்கழிக்கவில்லை. (2025 பிப்ரவரியில் பிரதமர் அன்வார் இப்ராஹிம் இந்தப் பிரிவை நிறுத்திவைப்பதாக நாடாளுமன்றத்தில் அறிவித்தார். 1974-இல் பாலிங் ரப்பர் விவசாயிகளுக்காக மாணவர்கள் தெருவில் இறங்கியபோது கைதானவர் அவர்.) கேட்டின் முன்னால் நிற்க முடியாதா என்று கேட்பீர்கள். கேட்டும் அதற்கு உள்ளே இருப்பதும் தனியார் நிலம். கேட்டுக்கு வெளியே பொதுச் சாலையின் ஓரம் வேறு கணக்கு. ஊர்வலத் தடை போய்விட்டதால், திடலிலிருந்து சாலை ஓரம்வரை நடந்துபோய் மனுவைக் கொடுத்துவிட்டுத் திரும்புவதாக நோட்டீசில் எழுதினோம். அதற்கும் பள்ளிக்கூடத்தையும் கோயிலையும் ஒட்டாமல், கடை வரிசையின் பின்பக்கச் சந்து வழியாகத்தான் போக முடிந்தது. மீன் கழுவிய தண்ணீரை மிதித்துக்கொண்டு உரிமைக் குரல் கொடுத்தோம்.

யார் வரலாம் என்ற கேள்வி இடத்தைவிட மனத்தை அறுத்தது. 21 வயதுக்குக் கீழே உள்ளவர் கூட்டத்தை ஏற்பாடு செய்ய முடியாது. பிள்ளைகள், அதாவது 15 வயதுக்குக் கீழே உள்ளவர்கள், கலந்துகொள்ளவே கூடாது. சமயக் கூட்டம், இறுதி ஊர்வலம் போன்றவைக்குத்தான் விலக்கு. கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றால் படம் நன்றாக வரும் என்று ஒருவர் யோசனை சொன்னார். அந்தப் படம் அம்மாவின் மேல் வழக்காகத் திரும்பும். ஆகவே பள்ளிப் பிள்ளைகளுக்கு அன்று கோயில் மண்டபத்தில் ஓவியப் போட்டி வைத்து, பார்த்துக்கொள்ள இரண்டு பேரை உட்காரவைத்தோம்.

குடிமகன் அல்லாதவரும் கலந்துகொள்ள முடியாது. பங்களாதேஷ், இந்தோனேசியத் தொழிலாளர்களுக்கு மட்டும்தான் இது என்று பலர் நினைக்கிறார்கள். எங்கள் லயத்தில் ஒரு பாட்டி இருக்கிறார். அந்தத் தோட்டத்திலேயே பிறந்து, அங்கேயே ரப்பர் பால் வெட்டி, அங்கேயே பேரன் பேத்தி எடுத்தவர். பிறப்புப் பத்திரம் இல்லாததால் இன்றைக்கும் சிவப்பு ஐசி, அதாவது நிரந்தரவாசிதான், குடிமகள் இல்லை. "கேட்டைப் போட்டவன் முந்தாநாள் வந்தவன். நான் நிக்கக் கூடாதாம்மா?" என்று கேட்டார். சட்டப்படி கூடாது பாட்டி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் சொன்னேன். பிடிபட்டால் அபராதத்தோடு போகும் விஷயமில்லை. குடியுரிமை மனு போட்டுக் காத்திருக்கும் ஆளுக்கு ஒரு போலீஸ் கோப்பு எவ்வளவு கனம் என்று எனக்குத் தெரியும். அந்தப் படிவங்களை நிரப்பிக் கொடுப்பவளே நான்தான். பாட்டியை வேறு வகையில் சேர்த்துக்கொண்டோம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள். அவர்களுக்கென்று 1993 ஒழுங்கு விதிகள் இருக்கின்றன. மைக் பிடிக்கச் சொல்லி அவர்களை வற்புறுத்தாதீர்கள். மனுவின் மலாய் வாசகத்தைத் திருத்திக் கொடுத்தாலே பெரிய உதவி. தோட்டத்தில் இப்போதும் வேலை செய்கிறவர்களுக்கு இன்னொரு விஷயம். பிரச்சினை சம்பளமோ வேலை நிலைமையோ என்றால் அது தொழில் தகராறு. சங்கத்தின் வழியாக நடக்கும் மறியலுக்கு அமைதிப் பேரணிச் சட்டமே பொருந்தாது, 1967 தொழில் உறவுச் சட்டம்தான். அந்தச் சட்டம் வேலையிடத்தின் அருகிலேயே நிற்க விடும். ஆனால் மிரட்டக் கூடாது, போக வர வழியை அடைக்கக் கூடாது. எங்கள் பிரச்சினை சாலை என்பதால் அந்தக் கதவு எங்களுக்குத் திறக்கவில்லை.

ஐபிடியில், அதாவது மாவட்டப் போலீஸ் தலைமையகத்தில், கூப்பிட்டுப் பேசினார்கள். மரியாதையாகவே பேசினார்கள். மக்ரிப் தொழுகைக்கு முன் முடிக்க வேண்டும், சாலையில் இடது ஓரம் மட்டும், ஒழுங்கு பார்க்கத் தொண்டர்கள் வேண்டும், குப்பையை நாங்களே அள்ள வேண்டும் என்று நிபந்தனை வந்தது. நிபந்தனையை மீறினால் பத்தாயிரம் ரிங்கிட் வரை அபராதம். தீர்ப்பு அந்தப் பிரிவைத் தொடவில்லை, மறந்துவிடாதீர்கள். சாதாரண உடையில் ஒருவர் கடைக்கு வந்து தே தாரிக் குடித்துக்கொண்டே யார் யார் பேசுகிறார்கள் என்று விசாரித்தார். எஸ்.பி., அதாவது போலீஸ் உளவுப் பிரிவின் ஆள் என்று ஊருக்கே தெரியும். நோட்டீசில் எழுதியதையே அவருக்கும் சொன்னேன். மறைக்க ஒன்றும் இல்லாதவரிடம் உளவு பார்ப்பது சலிப்பான வேலை. அவர் இரண்டாவது கிளாஸ் கேட்கவில்லை. கூட்டத்தன்று வீடியோ எடுத்தார்கள். அதற்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. எங்கள் பக்கத்திலும் ஒரு பெண்ணுக்கு அதே வேலையைக் கொடுத்து, ஆரம்பத்திலிருந்து முடிவுவரை எடுக்கச் சொன்னோம்.

கூட்டம் சுமுகமாக நடந்தது. பேசினோம், நடந்தோம், மனுவைக் காவலாளியிடம் கொடுத்தோம், குப்பையை அள்ளினோம். சொல்லும்படி வேறு எதுவும் நடக்கவில்லை. அதற்காகத்தான் அவ்வளவு பாடுபட்டோம்.

உண்மையான சண்டை அதற்கு முன்பே மண்டபத்தில் நடந்து முடிந்திருந்தது. பையன்களின் தலைவன் போல இருந்தவன் லோரி ஓட்டுநரின் மகன். அவன் கேட்டது நியாயமான கேள்வி. "இப்படியெல்லாம் கேட்டுக் கேட்டு நடந்தா யாரு மதிப்பா? காந்தி நோட்டீஸ் குடுத்துட்டா உப்பு எடுத்தாரு?" மண்டபம் கைதட்டியது. நான் சொன்னேன், ஆமாம் தம்பி, கொடுத்தார். தண்டிக்குக் கிளம்பும் முன்பே 1930 மார்ச்சில் வைஸ்ராய்க்குக் கடிதம் எழுதி, என்ன செய்யப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் நடந்தார். அதே ஆண்டு ஏப்ரலில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு ராஜாஜி கூட்டிப்போனவர்களும் ஒளிந்துபோய் உப்பு எடுக்கவில்லை. பிடிபட்டார்கள், ராஜாஜி ஆறு மாதத் தண்டனை வாங்கினார். சட்டத்தை மீறுவது ஒரு வழிதான், அதை நான் மறுக்கவில்லை. மீறுகிறவன் முகத்தைக் காட்டி மீற வேண்டும், விலையைத் தானே கொடுக்க வேண்டும், அடுத்தவனைக் கொடுக்கவைக்கக் கூடாது. இந்த மூன்றையும் மனத்தில் வைத்து, மூன்று கேள்வி கேட்டு லோரி மறியலை எடைபோட்டுப் பார்த்தோம். அந்தப் பேச்சு இரவு வெகுநேரம் ஓடியது.

முதலில், எந்தச் சட்டத்தை மீறப் போகிறோம்? காந்தி மீறியது உப்புச் சட்டம், அநியாயமே அந்தச் சட்டத்தில்தான் இருந்தது. நாங்கள் மீறப் போவது சாலையை அடைக்கக் கூடாது என்ற சட்டம். அதில் என்ன அநியாயம்? சாலையை அடைத்துவிட்டார்கள் என்பதே எங்கள் புகார். அதற்குப் பதில் சாலையை அடைப்பது என்றால், நிர்வாகத்தின் வக்கீலுக்கு நாமே வாதம் எழுதிக் கொடுத்த மாதிரி.

அப்புறம், யார் மேல் விழும்? குலை லோரி ஓட்டுகிறவருக்கு நடைக் கணக்கில் கூலி. ஆலைக்குப் போக ஒருநாள் தாமதமானால் நிர்வாகத்தின் கணக்கில் ஒரு வரி, அவர் வீட்டில் ஒருநாள் சோறு. இதைச் சொன்னது நான் இல்லை, அந்தப் பையனின் அப்பா. அதுவரை பின்னால் நின்றுகொண்டிருந்தவர், "என் லோரி முன்னால நீ உக்காந்தா நான் என்ன பண்ணட்டும்?" என்று மட்டும் கேட்டார். பையனிடம் பதில் இல்லை.

மூன்றாவது, விலை என்ன என்று தெரியுமா? இதைக் கடையில் உட்கார்ந்து, சட்ட உதவிக்கு வந்த ஓர் இளம் வழக்கறிஞரோடு சேர்ந்து ஒவ்வொன்றாக எழுதினோம். தோட்டத்துக்குள் நுழைந்தால் தண்டனைச் சட்டத்தின் 447, அத்துமீறல். ஒருவரைப் போகவிடாமல் தடுத்தால் 341. நில அலுவலக அதிகாரியோ நீதிமன்ற ஊழியரோ வேலை செய்வதைத் தடுத்தால் 186, இரண்டு ஆண்டு வரை சிறையோ பத்தாயிரம் ரிங்கிட் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் கூடி, தடுப்பதையோ அத்துமீறுவதையோ பொது நோக்கமாக வைத்தால் 143, சட்டவிரோதக் கூட்டம். இந்த நான்கில் எதிலும் "நல்ல காரணத்துக்காகச் செய்தேன்" என்பது விடுதலைக்கு வழி ஆகாது. தண்டனையைக் குறைக்க மாஜிஸ்திரேட்டிடம் சொல்லிப் பார்க்கலாம், அவ்வளவுதான். இவற்றைவிட நான் பயப்படுவது நீதிமன்றத் தடை உத்தரவுக்கு. நிலத்துக்காரர் உயர்நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கி ஒட்டிவிட்ட பிறகு அங்கே போய் நின்றால் அது நீதிமன்ற அவமதிப்பு. அப்போது சண்டை கம்பெனியோடு இல்லை, நீதிபதியோடு. எங்கேயாவது உத்தரவு ஒட்டியிருந்தால் முதலில் படம் எடுங்கள், வழக்கறிஞருக்கு அனுப்புங்கள், அதுவரை ஒருவரும் உள்ளே போகாதீர்கள்.

நம் ஆட்களும் விலை தெரிந்தே மீறியிருக்கிறார்கள். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தில் சம்பளத்தோடு மானமும் கோரிக்கையாக இருந்தது. துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க மாட்டோம், தோட்டத்தில் கள்ளுக்கடை வேண்டாம் என்றெல்லாம் கேட்டார்கள். தலைவர் ஆர்.எச். நாதனைப் பிடித்து இந்தியாவுக்கு நாடுகடத்தினார்கள். ராணுவம் வந்தது, தொழிலாளர்கள் சுடப்பட்டு இறந்தார்கள். அவர்களுக்குச் சட்டத்துக்குள் ஒரு வாசல்கூட இல்லை. எங்களுக்கு வாசல் இருந்தது, நாங்கள்தான் இன்னும் தட்டிப் பார்க்கவில்லை. எங்கள் கேட்டுக்கு 1941-ஐ உவமை சொன்ன இரண்டு மூன்று பேருக்கு என் பதில் இதுதான்.

கைது என்று வந்தால் என்ன செய்வது என்பதையும் ஒரு சின்னத் தாளில் அடித்துக் கொடுத்தோம். சட்டத்துக்குள் நடக்கும் கூட்டத்துக்கும் இது வேண்டும். காரணத்தைக் கேளுங்கள், சொல்ல வேண்டியது அவர்கள் கடமை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28A பிரிவின்படி, வாக்குமூலம் எடுக்கும் முன் உறவினர் ஒருவருக்கும் வழக்கறிஞர் ஒருவருக்கும் தகவல் சொல்லும் உரிமை உண்டு. பெயரும் ஐசியும் கேட்டால் சொல்லுங்கள். உங்களையே குற்றத்தில் மாட்டிவிடும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை, நீதிமன்றத்தில் சொல்கிறேன் என்று சொல்லலாம். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இந்த மாதிரிக் குற்றங்களுக்கு ரிமாண்ட் முதலில் நான்கு நாள் வரை, மறுபடி மூன்று நாள் வரை. குடிமக்களுக்குத் தேசிய சட்ட உதவி அறவாரியத்தின் வழக்கறிஞர் இலவசமாக வருவார், ரிமாண்டுக்கே வருவார், கேட்க வெட்கப்படாதீர்கள். பிடிக்கும்போது கையை உதறாதீர்கள். கைதே தப்பாக இருந்தாலும் அந்த உதறல் தனி வழக்கு ஆகலாம். வேலைக்குப் போகிறவர் உள்ளே இருந்தால் வீட்டிலிருந்து அன்றைக்கே முதலாளிக்கு எழுத்தில் தகவல் கொடுங்கள். லீவும் இல்லாமல் தகவலும் இல்லாமல் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் வராவிட்டால் வேலை ஒப்பந்தத்தை முறித்ததாக 1955 வேலைச் சட்டம் எடுத்துக்கொள்ளும். லோக்காப்பைவிட இதில்தான் வீடுகள் உடைகின்றன.

வாட்ஸ்அப் குழுவுக்கும் ஒரு வார்த்தை. கேட்டை எரிப்போம், மேனேஜரைப் பார்த்துக்கொள்வோம் என்று ஒருவர் விளையாட்டாக எழுதிய வரி, குழுவில் இருக்கும் எல்லாரையும் போலீஸ் நிலையப் பெஞ்சில் உட்காரவைக்கும். 1998 தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233-ஆவது பிரிவு அந்த விளையாட்டுக்காகவே காத்திருக்கிறது. அப்படி எழுதியவரை நான் குழுவிலிருந்து நீக்கினேன். மாமன் மகன்தான், இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

சரி, கேட் என்ன ஆயிற்று? கூட்டத்துக்குப் பிறகு சட்டமன்ற உறுப்பினர் வந்து உட்கார்ந்து பேசினார். பூட்டும் நேரம் இரவு பதினொன்றாகத் தள்ளிப்போனது. லயத்து மோட்டார்களுக்கு ஸ்டிக்கர் கொடுத்தார்கள். பாதி வெற்றி என்று பெரியவர்கள் சந்தோஷப்பட்டார்கள். நான் அவ்வளவு சந்தோஷப்படவில்லை. ஸ்டிக்கர் கொடுத்தவர் நாளைக்கே பிடுங்கலாம். தேசிய நிலச் சட்டத்தில் நில நிர்வாகி வழி உரிமை ஏற்படுத்திக் கொடுக்க இடம் இருக்கிறது, அதற்கு மனு போட்டிருக்கிறோம். அந்தச் சாலையை ஊர் எவ்வளவு காலமாகப் பயன்படுத்துகிறது என்பதற்கு முதல் சாட்சி சிவப்பு ஐசிப் பாட்டிதான். கூட்டத்தில் நிற்கக் குடியுரிமை வேண்டும், தான் நடந்த வழியைச் சொல்ல எந்த ஐசி நிறமும் தடையில்லை. ரப்பர் மரம் இருந்த காலத்தில் அந்தச் சாலை எந்த வளைவில் திரும்பியது என்பதுவரை சொல்லி, கைநாட்டு வைத்துக் கொடுத்திருக்கிறார்.

மனு தள்ளுபடியானால் கேட்டின் முன்னால் உட்காருவோம் என்று மூன்று பேர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். லோரி ஓட்டுநரின் மகன் அதில் ஒருவன். அவர்களைத் தடுக்கும் எண்ணம் எனக்கு இல்லை. வழக்கறிஞரிடம் கூட்டிப்போய் விலையைக் கேட்கவைத்துவிட்டேன். வீட்டிலும் சொல்லிவிட்டார்கள். நான் கேட்டுக்கொண்டதெல்லாம், உட்காருவது நிர்வாக அலுவலகத்துக்குப் போகும் பெரிய கேட்டில் இருக்கட்டும், குலை லோரி வரும் பின்கேட்டில் வேண்டாம். பகலில் இருக்கட்டும். முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டு உட்காருங்கள். ஆம்புலன்ஸ் வந்தால் எழுந்து வழிவிடுங்கள். மற்றவர்களை, முக்கியமாக 21 தாண்டாத பையன்களை, கூப்பிடாதீர்கள். முதல் நான்குக்கும் சரி என்றார்கள். கடைசி ஒன்றில் இன்னும் பேச்சு முடியவில்லை.